கடன்காரர் எண் நாற்பத்தாறு

தாரகை எலெக்ட்ரிக் கார்ஸ் பிரைவேட் லிமிடெட்டை
எண்ணிவிட்டு வரச் சொல்லி அனுப்பினார்கள்.
எழுபத்தொன்பது, அக்கினி நட்சத்திரம்.
அம்பத்தூர் எஸ்டேட் கேட்டில் கோர்ட்டு அரக்கு.
உடைத்தவன் நான். சம்பளம் முந்நூற்றுப் பத்து.

உள்ளே பதினாறு கார்கள், ஒரு புளித்த நெடி.
ஆசிட் தின்ற தரை.
ஆணியில் தொங்கிய காக்கிச் சட்டை
சல்லடையாய்ப் போயிருந்தாலும்
தோளை மட்டும் விறைப்பாக வைத்திருந்தது.

கோப்புகளைப் படிக்கச் சொல்லி உத்தரவில்லை.
படித்தேன்.

பெட்ரோல் விலை எகிறிய வருஷம்
எட்வின் தெய்வசிகாமணி
ரயில்பெட்டி வேலையை உதறிவிட்டுத் தொடங்கியிருக்கிறார்.
ஒரு சார்ஜுக்கு முப்பத்தெட்டு மைல் என்கிறது நோட்டீஸ்.
சோதனைப் புத்தகத்தில் இருபத்தொன்று.
பக்கத்தில் பென்சிலால்: எதிர்க்காற்று.

மூன்று பேரோடு ஜெமினி மேம்பாலத்தில் ஏறி
உச்சிக்கு நாலு முழம் முன்னால் நின்றிருக்கிறது.
பின்னால் வந்த பஸ்ஸின் கண்டக்டர்
திட்டிக்கொண்டே தள்ளியிருக்கிறார்.
'இறக்கத்தில் பிரமாதம்' என்று முடிகிறது
அன்றைய குறிப்பு.

பதிவு அலுவலகத்தில்
சிலிண்டர் எத்தனை?
கிடையாது.
கிடையாதுன்னு போடக் கட்டம் கிடையாது, சார்.
நாலு மாதம் அலைந்த பிறகு
'ஒன்று' என்று யாரோ நிரப்பியிருக்கிறார்கள்.
அந்த 'ஒ'வின் சுழி மட்டும் கொஞ்சம் நடுங்கியிருந்தது.

கீழ்ப்பாக்கம் டாக்டர் வண்டியைத் திருப்பி அனுப்பினார்.
வந்ததும் போனதும் தெருவுக்கே தெரியவில்லையாம்;
இவ்வளவு கொட்டிக்கொடுத்து
ஒரு தலைகூட ஜன்னலில் எட்டிப் பார்க்காவிட்டால்
எதற்குக் கார்?

பிறகு மின்வெட்டு.
அதற்கப்புறம் லெட்ஜர் சிவப்பு மையில்தான் பேசுகிறது.

கடன் கேட்டு எழுதியவர்கள் நாற்பத்தாறு பேர்.
வங்கி, ஈய வியாபாரி, டயர்க்காரர்,
காப்பி வாங்கிக் கொடுத்த கடைக்காரர்கூட.
கடைசிக் கடிதம் இன்லாண்டு லெட்டரில்,
பெரம்பூரிலிருந்து, பிரசவ நர்ஸ் ஃப்ளோரா கனகமணி.
பதினோராம் எண் வண்டி.

'பணம் வேண்டாம். சொன்னபடி பேட்டரி மாற்றித் தரவும்.
ராத்திரி இரண்டு மணிக்குச் சந்துக்குள் போகிறேன்,
நாய்கூட எழுந்திருப்பதில்லை.
போன வாரம் பாதி வழியில் நின்றுவிட்டது.
நடந்தேன்.
குழந்தை எனக்கு முன்னால் வந்துவிட்டது.'

பிணையற்ற கடன்காரர்களில் சேர்த்தேன்.
ரூபாய்க்கு ஏழு காசு என்று உத்தரவு வந்தது.
ஆறு பேட்டரிக்கு அந்த வீதத்தில் போட்டுப் பார்த்தேன்,
பேப்பரின் ஓரத்தில், இரண்டு தடவை.
அரை பேட்டரிகூடத் தேறவில்லை.

ஏலத்தில் ஈயம் எடைக்குப் போனது.
கார்க் கூடுகளை எடுத்தவர் ராட்டினக்காரர்.
அடுத்த தை மாதம் தீவுத்திடலில்
பிள்ளைகள் அவற்றில் உட்கார்ந்து சுற்றினார்கள்.
டீசல் எஞ்சின் காதைப் பிளந்தது.
கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது.

பதினாறு வண்டி, வண்டிக்கு ஆறு.
தொண்ணூற்றாறு பேட்டரி இருக்கவேண்டும்.
என் பட்டியலில் தொண்ணூறு.
பக்கத்தில் 'எதிர்க்காற்று' என்று எழுதப் பேனாவைத் திறந்து
மூடிவிட்டேன்.

அந்த ஆறையும் பக்கத்து லேத் பட்டறையில் கெஞ்சி
மூன்று நாள் சார்ஜ் ஏற்றியிருந்தேன்.
அவர் வந்தது ஏலத்துக்கு முந்தின இரவு,
அயனாவரம் வரை ஓட்டி, அதற்குமேல்
யார் யாரையோ தள்ளச் சொல்லி.
ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பேனரை அவரே பிடித்தார்.

கேட்டில் வாட்ச்மேன் முனிரத்தினம் குறட்டை.
வண்டி கிளம்பியதா என்று
மறுநாள் யார் கேட்டிருந்தாலும்
அவர் கற்பூரம் அடித்துச் சொல்லியிருப்பார்,
ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று.